பையன் என்ன முறை?

பெண்ணாடம்
5-12-2023

தம்பி மாணிக்கவேலுக்கு அக்கா எழுதுவது.

இங்கே நானும் உன் மாமாவும் இருக்கிறோம். அவருக்கு முட்டி வலி, எனக்கு அவர் வலி. மற்றபடி குறை ஒன்றும் இல்லை. கரும்பு ஏற்றின டிராக்டர்கள் தெருவை அடைத்துக்கொண்டு நிற்கிற மாதம். அங்கே ஜெயஸ்ரீயும் பாப்பாவும் சுகம்தானே?

பஸ் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் வந்துவிடக்கூடிய தம்பிக்கு எதற்குத் தபால் என்று உன் மாமா சிரிக்கிறார். போன் செய்தால் நீ "சிக்னல் இல்லக்கா" என்கிறாய். அத்தனை ரயில் வந்து நிற்கிற ஊரில் சிக்னல் இல்லையாம். சரி என்று போன வாரம் வாட்ஸ்அப்பில், "தை பிறந்ததும் தட்டோடு வரலாமா?" என்று கேட்டேன். நீ ஒரு கட்டைவிரலை அனுப்பினாய்.

அந்தக் கட்டைவிரலை வைத்துக்கொண்டு இந்த வீட்டில் இரண்டு நாள் பஞ்சாயத்து நடந்தது. "சரின்றான் உன் தம்பி" என்றார் உன் மாமா. ஓசூரிலிருந்து வந்திருந்த சேரன் எட்டிப் பார்த்துவிட்டு, "பாத்துட்டேன்னு அர்த்தம்மா. சரின்னு இல்ல" என்றான். பெண் கேட்ட அக்காவுக்குத் தம்பி கட்டைவிரலைக் காட்டுகிற காலத்தில் நாம் இருக்கிறோம். கேட்டால் மரியாதையான விரல்தான் என்கிறார்கள்.

அதனால் காகிதத்தில் கேட்கிறேன். காகிதத்தில் பதில் எழுது. சேரனுக்கு ஐப்பசியோடு இருபத்தொன்பது. மதிவதனிக்கு இருபத்தாறு. இந்தத் தெருவில் யார் வந்து, "பையனுக்கு எடம் பாக்குறீங்களா?" என்று கேட்டாலும், "தம்பி பொண்ணு இருக்குது" என்று ஒரே பதிலைத்தான் சொல்லிவருகிறேன். எத்தனை வருடமாகச் சொல்கிறேன் என்று எண்ணிப் பார்க்கவில்லை. வேறு ஜாதகம் ஒன்றையும் கையில் வாங்கவில்லை. அப்பா அம்மா போன பிறகு எனக்கென்று அந்த ஊரில் இருப்பது உன் வீடு ஒன்றுதான். அந்தக் கதவு எனக்குப் பிறகும் திறந்திருக்க வேண்டும் என்றால் இது ஒன்றுதான் வழி. உனக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

பதில் எழுதும்போது விரலை மடக்கிப் பேனாவைப் பிடி.

அன்புடன்
உன் அக்கா
வீரம்மாள்

*

விருத்தாசலம்
16-12-2023

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் நான்காம் நாள் வந்து சேர்ந்தது. மாமாவின் முட்டிக்கு ஜெயஸ்ரீ ஒரு தைலம் சொல்கிறாள். தனியாக எழுதித் தருகிறேன் என்றாள். அவளும் கட்டைவிரல் அனுப்புகிற கட்சிதான், ஆகவே எதிர்பார்க்க வேண்டாம்.

எனக்குக் கம்பெனியில் புது வேலை கொடுத்திருக்கிறார்கள். முதலாளியின் மருமகன் எங்கள் பீங்கான் சாமான்களை ஆன்லைனில் விற்கிறார். அவற்றுக்குப் பெயர் வைப்பது என் பொறுப்பு. முப்பது வருடமாக நாம் ஊதுபத்தி மாடம் என்று சொல்லிவந்த பொருள் இப்போது 'அரோமா டவர்'. யானை பொம்மை யானை பொம்மையாக இருந்தவரை குழந்தைகள் உடைத்தார்கள். 'டெஸ்க் டெக்கார்' ஆனதும் அதை யாரும் தொடுவதில்லை. மண்ணும் அதேதான், சூளையும் அதேதான். பெயர் மாறினால் பொருள் எங்கே வைக்கப்படும் என்பது மாறிவிடுகிறது. இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஐம்பத்தெட்டு வயது ஆயிற்று.

சுற்றி வளைக்கிறேன் என்று திட்டுவாய். விஷயத்துக்கு வருகிறேன்.

மதிவதனி போன ஞாயிற்றுக்கிழமை சென்னையிலிருந்து வந்திருந்தாள். சாப்பிட்டு முடித்ததும் கேட்டேன்.

"பாப்பா, அத்தை எழுதியிருக்காங்க. சேரனுக்குக் கேக்குறாங்க."

"அண்ணாவுக்குப் பொண்ணு பாக்குறாங்களாப்பா? சொல்லவே இல்ல பாரு! என் ஆபீஸ்ல ஒருத்தி இருக்கா, நெய்வேலிதான், அண்ணாவுக்கு அம்சமா இருப்பா."

"உன்னத்தாம்மா கேக்குறாங்க."

சிரித்தாள் அக்கா. நான் தமாஷ் செய்கிறேன் என்று நினைத்துக் கையைத் தட்டிச் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள், அவள் அம்மா முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

"அப்பா, அவரு என் கசின்ப்பா."

"கசின்னா யாரு? அத்தை புள்ளையா, பெரியப்பா புள்ளையா?"

"கசின்னா கசின்தான்ப்பா. அண்ணா. நீங்க என்ன கேக்குறீங்கன்னு தெரிஞ்சுதான் கேக்குறீங்களா?"

எழுந்து போய்க் கை கழுவினாள். அரை நிமிடத்தில் கழுவ வேண்டிய கையை ஐந்து நிமிடம் கழுவினாள்.

ரத்த சம்பந்தம், டாக்டர் வேண்டாம் என்கிறார் என்று சொல்லியிருந்தால் ஏதாவது பேசிப் பார்த்திருக்கலாம். வேறு பையனைப் பிடித்திருக்கிறது என்றாலும் ஒரு மாதிரி புரிந்துகொள்வேன். அவள் அப்படி எதுவும் சொல்லவில்லை. அவள் கண்ணில் இருந்தது அருவருப்பு. கூடப் பிறந்தவனைக் கட்டச் சொன்னால் ஒரு பெண்ணுக்கு வருமே, அது. நம்மிடம் பங்காளி பிள்ளைக்கு ஒரு சொல், அத்தை பிள்ளைக்கு ஒரு சொல். ஒருவன் அண்ணன், ஒருவன் மாப்பிள்ளை. நடுவில் இருந்த வேலி அந்தச் சொல்தான். இங்கிலீஷ் ஸ்கூலில் இரண்டு பேரையும் 'கசின்' என்கிற ஒரே அறைக்குள் அனுப்பினார்கள். வெளியே வரும்போது எல்லோரும் உடன்பிறந்தவர்களாக வந்திருக்கிறார்கள்.

கொஞ்சம் பொறு. பொங்கலுக்கு வருவாள், மறுபடி பேசுகிறேன்.

உன் தம்பி
மாணிக்கவேல்

*

பெண்ணாடம்
21-12-2023

தம்பி மாணிக்கவேலுக்கு,

இங்கிலீஷ் ஸ்கூல் மேல் பழியைப் போட்டு நல்ல தமிழில் எழுதியிருக்கிறாய். படித்துவிட்டு மடித்து வைத்தேன். மறுபடி எடுத்துப் படித்தேன். அதில் ஒருவன் பெயர் மட்டும் இல்லை. உன் பெயர்.

சேரனை ஆறாவதில் உன் வீட்டில் கொண்டுவந்து விட்டபோது உன் மகள் அவனை என்னவென்று கூப்பிட்டாள்? "சேரா மாமா, சேரா மாமா" என்று அவன் டவுசரைப் பிடித்துக்கொண்டே திரிந்தாளே. எட்டு வயதுப் பிள்ளை. மூன்று வருடம் அப்படித்தான் கூப்பிட்டாள். நீங்கள் ஸ்டேஷன் பக்கம் வாடகைக்குப் போனீர்கள். எதிர்வீட்டு அம்மாள் ஒருத்தி, "ரெண்டும் மொறதானே? ஒரே வூட்டுல வளக்குறீங்களே" என்று சிரித்தாளாம். ஸ்கூல் ஆட்டோவில் பிள்ளைகள் கேலி செய்தார்களாம். உடனே உனக்கு மானம் வந்துவிட்டது. "இன்னையிலேருந்து அண்ணான்னு கூப்புடணும். மாமான்னா அன்னைக்கு டிவி கெடையாது" என்று சட்டம் போட்டாய். அந்த வருடத் தீபாவளிக்கு நான் வந்தபோது அவள் என்னிடம் வந்து, "அத்தை, நாலு நாளா எனக்கு டிவி இல்ல" என்று அழுதாள். நாலு நாள் எதிர்த்து நின்றிருக்கிறாள் பிள்ளை. ஐந்தாம் நாள் நீ ஜெயித்தாய்.

நான் கேட்டதற்கு, "இப்போதைக்குக் கூப்புடட்டும்க்கா. வயசு வந்தா மாத்திக்கலாம்" என்றாய். சொல்லைச் சட்டை மாதிரி நினைத்தாய். வளர்ந்தால் கழற்றிப் போட்டு வேறு மாட்டிக்கொள்ளலாம் என்று.

அவளுக்கு மஞ்சள் நீர் ஊற்றிய அன்று நினைவிருக்கிறதா? அத்தை என்று நான்தான் முதல் சொம்பு ஊற்றினேன். இருநூறு பேர் இருந்தார்கள். முறைப்பையன் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறான். பட்டுப்பாவாடையோடு உட்கார்ந்திருந்தவள், "அண்ணா, அந்தத் தட்டுல இருக்குற லட்டு ஒண்ணு எடுத்துக் குடு" என்றாள். மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். இப்போது அதை நினைத்தால் சிரித்தவர்களில் எனக்குத்தான் புத்தி கம்மி என்று தெரிகிறது.

உன் மகளைக் குறை சொல்லவில்லை. அப்பன் சொன்னதை அவள் நம்பிவிட்டாள்.

நீ கட்டின வேலியை நீயே பிரி. உனக்குப் பொங்கல் வரை நேரம்.

உன் அக்கா
வீரம்மாள்

*

விருத்தாசலம்
19-1-2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தில் ஒரு திருத்தம்: "வயசு வந்தா மாத்திக்கலாம்" என்று சொன்னது நீ. நான் சொன்னது "இப்போதைக்குக் கூப்புடட்டும்" வரை. ஜெயஸ்ரீயைக் கேட்டேன். இரண்டு பேரும் சேர்ந்துதான் சொன்னோம், சொல்லிவிட்டு அதிரசம் சாப்பிட்டோம் என்கிறாள். மீதி எல்லாம் நீ எழுதியபடியே. எதிர்வீட்டு அம்மாள் அதற்கடுத்த வருடமே வீடு மாற்றிப் போய்விட்டாள். அவள் பெயர்கூட எனக்கு ஞாபகம் இல்லை. அவள் சிரிப்புக்குப் பயந்து வைத்த பெயர்தான் இந்த வீட்டில் நின்றுவிட்டது.

பொங்கலன்று வேலியைப் பிரித்துப் பார்த்தேன். நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன்.

மதிவதனியிடம் கல்யாணப் பேச்சு எடுக்கவில்லை. "அவன ஒரு மாசத்துக்கு அண்ணான்னு மட்டும் கூப்புடாதம்மா. பேரு சொல்லிக் கூப்புடு. அப்பாவுக்காக" என்றேன். பெண்பிள்ளையிடம் டிவியை நிறுத்திச் சொல்ல முடிகிற வயது போய்விட்டது, கெஞ்சித்தான் சொன்னேன். என் முகத்தைப் பார்த்து ஒப்புக்கொண்டாள். மாட்டுப்பொங்கலன்று காலையில் அவனுக்குப் போன் போட்டாள். நான் பக்கத்தில் பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

"ஹலோ… சேரன். ஹாப்பி பொங்கல்."

"யாரு, பாப்பாவா? ஏன், எம்மேல எதுனா கோவமா?"

"இல்ல சேரன். சும்மாதான்."

"ஒடம்பு சரியில்லையா? அத்தைகிட்டக் குடு."

அவ்வளவுதான். இவளுக்கு அழுகை வந்துவிட்டது. "அண்ணா, அப்பாதான் அப்படிக் கூப்பிடச் சொன்னாங்க. என்னால முடியலண்ணா. வாய்ல ஏதோ அசிங்கத்த வெச்ச மாதிரி இருக்குது" என்றாள். ஏன் கூப்பிடச் சொன்னேன் என்று அவன் கேட்கவில்லை. அவன் என்ன, முட்டாளா? "சரி வுடு. எப்பவும் போலக் கூப்புடு. பொங்கல் சாப்டியா?" என்றான்.

ஆக, அவள் மனது அவனுக்கும் தெரிந்துவிட்டது. உன் வாயால் தெரிய வேண்டியதை இப்படித் தெரியவைத்ததற்கு என்னை மன்னித்துவிடு. நம் அப்பா காலத்தில் மன்னிப்புக் கேட்க வாயைத் திறக்க மாட்டார்கள். தேங்காய்க் குலையோடு வீட்டுக்கு வந்து, பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள், அதுவே போதும். நான் சொல்லிப் பார்க்கிறேன். போதவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. திட்டக்குடியிலிருந்து ஒரு வரன் வந்திருக்கிறது. வரன் என்பது நம் பேச்சு. இவர்கள் 'ப்ரொஃபைல்' என்கிறார்கள். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. சேரன் என்ன நினைக்கிறான் என்று நீ எழுதினால், அதற்கப்புறம் சொல்கிறேன்.

உன் தம்பி
மாணிக்கவேல்

*

பெண்ணாடம்
30-1-2024

தம்பிக்கு,

சேரன் சனிக்கிழமை வந்தான். இரண்டு நாள் இருந்தான். நானாகக் கேட்கக் கூடாது என்று பார்த்தேன், முடியவில்லை. தோசை வைத்துக்கொண்டே கேட்டேன்.

"நீயே போயி அவகிட்ட நேரா கேளுடா. மாமன் பொண்ணு. உனக்கில்லாத உரிமையா?"

"என்னான்னும்மா கேக்குறது?"

"நான் உன் அண்ணன் இல்லன்னு சொல்லு."

அவன் தட்டில் இருந்த சட்னியை ஒதுக்கிக்கொண்டே இருந்தான். "பதினஞ்சு வருசமா அண்ணான்னு கூப்புட்டா. ஒவ்வொரு தடவையும் என்னான்னு திரும்பிப் பாத்தேன்ல? ஒரு தடவகூட 'அது நான் இல்ல'ன்னு சொல்லல. இப்ப போயி எப்படிம்மா சொல்றது?"

"உனக்கு அவ மேல இஷ்டம் இருந்துச்சா இல்லையா? அதச் சொல்லு."

"பன்னண்டாவது படிக்கும்போது ஒரு தடவ, 'அப்படிக் கூப்புடாத'ன்னு சொல்லணும்னு வந்துச்சு. மாமா வூட்டுல சாப்புட்டுக்கிட்டு அதச் சொல்லக் கூடாதுன்னு வுட்டுட்டேன்."

இன்னொரு தோசை வேண்டாம் என்று எழுந்துவிட்டான்.

இவ்வளவுதான் உனக்கு வேண்டிய பதில். உன் வீட்டுச் சோற்றுக்கு அவன் கொடுத்தது அது. நீ அவனை நல்லபடியாகப் பார்த்துக்கொண்டாய், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஜுரம் வந்தால் ஜெயஸ்ரீ முழித்திருந்து பார்த்திருக்கிறாள். அதையெல்லாம் மறந்து எழுதவில்லை. நினைவிருப்பதால்தான் வலிக்கிறது.

திட்டக்குடிக்காரர்களுக்குச் சரி என்று சொல்லிவிடு. இனி இந்தப் பேச்சை நான் எடுக்க மாட்டேன். கல்யாணத்துக்குப் பத்திரிகை வை, நாங்கள் வந்து ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருகிறோம். எங்களை வேறு எதற்கும் கூப்பிடாதே. நான் அத்தை என்று தட்டு எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தால், பார்க்கிறவர்கள் பையனைப் பற்றிக் கேட்பார்கள்.

அக்கா

*

விருத்தாசலம்
3-5-2024

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று மாதமாக உனக்கு எழுதாமல் இருந்தது மறந்து அல்ல. எழுத உட்காரும்போதெல்லாம் கம்பெனியில் ஏதாவது ஒன்றுக்குப் பெயர் வைக்கச் சொல்லிவிடுகிறார்கள் என்று நான் சொன்னால் நீ நம்ப மாட்டாய், அதுவும் சரிதான்.

வைகாசி இருபத்தேழு, ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம். திட்டக்குடிப் பையன் மின்சார வாரியத்தில் இருக்கிறான். நல்ல குடும்பம். பையனின் அம்மா என்னைச் 'சார்' என்கிறார்கள். சம்பந்தி என்று கூப்பிட இன்னும் கூச்சமோ, அல்லது அந்தச் சொல்லே அவர்கள் வீட்டில் புழக்கத்தில் இல்லையோ.

பத்திரிகையோடு நானும் ஜெயஸ்ரீயும் நேரில் வருகிறோம். அதற்கு முன்னால் இந்தக் கடிதம் வருவது ஒரு காரணத்துக்காக. நேரில் இதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

ஐயர் ஓமம் வளர்க்கும்போது, பெண்ணுக்கு உடன்பிறந்தவன் அவள் கையில் பொரி அள்ளிப் போட வேண்டும். இவளுக்குக் கூடப் பிறந்தவன் இல்லை. பங்காளி வீட்டில் பெரியப்பா பேரன் நிலவன் இருக்கிறான், அவன் போட்டால் முறை சரியாக இருக்கும். நான் அவனிடம் சொல்லியும் வைத்தேன். போன வாரம் மதிவதனியிடம் சொன்னபோது பேனாவை மூடி வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"நிலவனா? அவன நான் ரெண்டு தடவதான்ப்பா பாத்திருக்கேன். அண்ணா இருக்கும்போது வேற யாரு போடுறது?"

"அவன் அத்தை புள்ளம்மா. அது வழக்கம் இல்ல."

"நீங்கதானே அண்ணான்னு சொல்லிக் குடுத்தீங்க? கூப்புடுறதுக்கு மட்டும் அண்ணனா?"

அவள் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. தப்பாக ஆரம்பித்தது நான், அவள் அதைச் சரியாகக் கடைசிவரை கொண்டுபோகிறாள். அவன் மனதில் என்ன இருந்தது என்று நீ எழுதியதை அவளிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் இத்தனை வருடத்தில் அவன் காட்டின ஒவ்வொரு அன்பையும் எடுத்துத் திருப்பிப் பார்ப்பாள். அதை அவனுக்குச் செய்யக் கூடாது.

ஆகவே கேட்கிறேன். முடியாது என்று நீ எழுதினால் போதும். அவனுக்கு லீவு கிடைக்கவில்லை என்று நான் சொல்லிக்கொள்வேன். பொய் சொல்வதில் எனக்கு இப்போது கைப்பழக்கம் உண்டு. யானை பொம்மைக்கே எவ்வளவோ சொல்கிறேன்.

அவள் அவனிடம் நேரடியாகக் கேட்பதற்குள் எழுதிவிடு.

உன் தம்பி
மாணிக்கவேல்

*

விருத்தாசலம்
13-6-2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னிடமிருந்து பதில் வரவில்லை. பத்திரிகை வைக்க வந்த அன்று வீடு பூட்டியிருந்தது. கதவிடுக்கில் செருகிவிட்டு வந்தோம். மண்டபத்தில் உனக்கும் மாமாவுக்கும் முதல் வரிசையில் இரண்டு நாற்காலி போட்டு, தாம்பூலப் பையை வைத்து யாரையும் உட்காரவிடாமல் பார்த்துக்கொண்டேன். முகூர்த்தம் முடிகிறவரை பை மட்டும் உட்கார்ந்திருந்தது.

சேரன் வந்தான். உனக்குத் தெரிந்து வந்தானா, தெரியாமல் வந்தானா என்று எனக்குத் தெரியாது. அவள் போன் செய்து கேட்டிருக்கிறாள். இவன் சரி என்றிருக்கிறான். அவள் கேட்டு அவன் இல்லை என்று சொல்லி எனக்கு நினைவில்லை.

காலை ஆறு மணிக்கே வேட்டி சட்டையோடு வந்துவிட்டான். சமையல்காரரிடம் காபி வாங்கி எல்லோருக்கும் கொடுத்தான். மாப்பிள்ளை வீட்டாருக்கு அறையைக் காட்டினான். பந்தல்காரனிடம் சண்டை போட்டான். கூடப் பிறந்தவன்கூட அத்தனை ஓட மாட்டான்.

ஐயர், "பொண்ணோட சகோதரர் வாங்கோ" என்றார். இவன் எழுந்து போனான். நம் காத்தவராயன் சித்தப்பா முன்னால் உட்கார்ந்திருந்தார். காது கேட்காதவர்களுக்குத் தங்கள் குரல் எவ்வளவு தூரம் போகும் என்று தெரியாது.

"இவன் வீரம்மா மவன்ல? மொறமாப்புள்ளய நிக்க வெச்சாடா பொரி போடச் சொல்றீங்க?"

மேளக்காரர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். ஐயர் என்னைப் பார்த்தார். "பையன் என்ன முறை?" என்றார்.

அக்கா, நான் பதில் சொல்லியிருக்க வேண்டும். என் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. மாப்பிள்ளையின் அம்மா என்னையும் சேரனையும் மாறிமாறிப் பார்க்கிறார்கள். மதிவதனி தலையைக் குனிந்தபடி மணையில் இருந்தாள், அவளுக்குச் சித்தப்பா சொன்னது புரிந்ததா என்று தெரியவில்லை.

சேரன்தான் சொன்னான். "அண்ணன்தாங்க. நீங்க மந்திரத்தச் சொல்லுங்க."

மூன்று முறை அள்ளிப் போட்டான். ஒரு பொரிகூடக் கீழே சிந்தவில்லை. கடைசி முறை அவள் நிமிர்ந்து பார்த்து, "தேங்க்ஸ்ண்ணா" என்றாள். அவன் தலையை ஆட்டினான். கையைத் துடைத்துக்கொண்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தான். பந்தியில் பரிமாறிவிட்டு, சாப்பிடாமல், பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று கிளம்பிவிட்டான். ஓசூருக்கு அடுத்த பஸ் மூன்று மணிக்குத்தான்.

நான் அவனுக்கு ஒன்றும் செய்யவில்லை. செய்ய ஒரே இடம்தான் பாக்கி இருக்கிறது. அவன் கல்யாணத்தில் தாய்மாமனாக முன்னால் நின்று மாலை போட வேண்டும். நீ எந்த ஊரில் பெண் எடுத்தாலும் சரி. தேதி மட்டும் எழுது. சீர்வரிசையோடு நடந்தே வரச் சொன்னாலும் பெண்ணாடம் வரை நடந்து வருகிறேன்.

உன் தம்பி
மாணிக்கவேல்

*

பெண்ணாடம்
21-8-2024

மாணிக்கவேலுக்கு,

கடிதம் ஜூனில் வந்தது. பதில் இப்போது எழுதுகிறேன்.

சேரனுக்கு இடம் முடிவாகிவிட்டது. பெண் பெயர் அன்பரசி, கருவேப்பிலங்குறிச்சி. நர்ஸாக இருக்கிறாள். அசல்தான், நமக்கு எந்த வழியிலும் சொந்தம் இல்லை. ஆவணிக் கடைசி முகூர்த்தம். பத்திரிகையை இதோடு வைத்திருக்கிறேன்.

தாய்மாமனாக நிற்க நம் பெரியப்பா மகன் ஜெயராஜைக் கேட்டிருக்கிறோம். அவனும் எனக்குத் தம்பி முறைதான். ஒப்புக்கொண்டான்.

உனக்குக் கோபம் வரும். யோசித்துப் பார். உன் மகளுக்கு அவன் அண்ணன் என்றால் உனக்கு அவன் மகன். மகனுக்கு அப்பன் தாய்மாமனாக நிற்க முடியாது. இதை நான் கட்டிச் சொல்லவில்லை. ஐயரையும் அக்கினியையும் வைத்து, உன் மண்டபத்தில், முந்நூறு பேர் பார்க்க நடந்தது. அங்கே "பையன் என்ன முறை?" என்று கேட்டபோது, "என் அக்கா மகன், நான் இவனுக்குத் தாய்மாமன்" என்று நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கல்யாணம் நின்றிருக்காது. வேறு யாராவது பொரி போட்டிருப்பார்கள். நீ சொல்லவில்லை. அவனைச் சொல்ல விட்டாய். உன் கடிதத்தில் நீயே எழுதியிருக்கிறாய், நான் ஒன்றும் கூட்டவில்லை.

அன்று அவன் வந்தது எனக்குத் தெரியும். நான்தான் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தேன்.

பத்திரிகை அச்சடிக்கும்போது ஜெயராஜ் பெயருக்குக் கீழே தாய்மாமன் என்று போட்டாயிற்று. உன் பெயரை எங்கே போடுவது என்று அச்சகத்துக்காரர் கேட்டார். "பேர மட்டும் போடுங்க, கீழ ஒண்ணும் வேணாம்" என்றான் சேரன். கூட்டத்தில் உன் பெயர் இருக்கிறது, தேடினால் கிடைக்கும்.

வீட்டுக்கு வந்த பிறகு நான் அவனைக் கேட்டேன். "அது சரிடா, என் தம்பிய நேர்ல பாத்தா என்னான்னு கூப்புடுவ?"

அவன் கோபமாகச் சொல்லவில்லை. அதை உனக்கு எழுத வேண்டும். அவன் கோபமாகவே சொல்லவில்லை.

"அங்கிள்னு கூப்புட்டுக்குறேம்மா. அது யாருக்கு வேணா பொருந்தும்."

கல்யாணத்துக்கு வா. ஜெயஸ்ரீயையும் கூட்டி வா. முதல் பந்தியிலேயே உட்கார்ந்துவிடு, இரண்டாம் பந்தியில் கூட்டம் அதிகமாக இருக்கும்.

வீரம்மாள் சாமிதுரை
பெண்ணாடம்